ஃபெர்டினாண்ட் போர்ஷே: பெட்ரோல் கார்களின் பிதாமகன் எலெக்ட்ரிக் காரில் தொடங்கிய கதை

பெரியகுளம் தென்கரையில் சாயங்கால நேரத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், சத்தமே இல்லாமல் ஒன்றிரண்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டராவது கடந்து போகும். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் கேட்பது எல்லா ஊரிலும் ஒரே கேள்விதான். ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்? பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்? பெரியகுளத்துக்காரர்களுக்குக் கூடுதலாக இன்னொன்றும் உண்டு. அடுக்கம் வழியாக கொடைக்கானல் ஏறுமா, இல்லை பாதி மலையில் படுத்துவிடுமா?

சுமார் 125 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்விகளோடு மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு இளைஞர் இருந்தார். பெயர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. இன்று போர்ஷே என்றால் காதைப் பிளக்கும் இன்ஜின் சத்தத்தோடு பறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் கார் பேட்டரியில் ஓடியது. எலெக்ட்ரிக் காரை ஏற்பதா வேண்டாமா என்று ஜெர்மனி இன்றும் தடுமாறிக்கொண்டிருக்கும் நிலையில், அவருடைய கதையை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம்.

தகரப் பட்டறையில் ஒரு பையன்

1875 செப்டம்பர் 3ஆம் தேதி மாஃபர்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரில் பிறந்தார் போர்ஷே. அன்று அது ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசின் பகுதி, இன்று செக் குடியரசில் இருக்கிறது. ஜெர்மன் பேசும் குடும்பம். அப்பா அன்டன் தகர வேலை செய்யும் மேஸ்திரி. மகனும் பட்டறையில் உட்கார்ந்து சுத்தியல் பிடிக்க வேண்டும் என்பதுதான் வீட்டின் திட்டம்.

பையனின் புத்தி வேறு பக்கம் போனது. ஊரில் கின்ஸ்கி குடும்பத்தின் கம்பளத் தொழிற்சாலை இருந்தது. அங்கே அப்போதே மின்சாரம் வந்துவிட்டது. பல்பு எரிவதைப் பார்த்தவனுக்கு அதன்பிறகு தகரம் பிடிக்கவில்லை. பகலில் அப்பாவிடம் வேலை, சாயங்காலம் பக்கத்து ஊர் தொழில்நுட்பப் பள்ளியில் வகுப்பு என்று ஓட்டினான். பதின்ம வயதிலேயே சொந்த வீட்டுக்கு மின்சார இணைப்பை அவனே அமைத்தான்.

1893இல், 18 வயதில், வியன்னாவுக்குப் போய் பெலா எகர் என்ற மின்சாதன நிறுவனத்தில் சேர்ந்தார். கல்லூரியில் சேர வசதியும் இல்லை, தகுதிச் சான்றிதழும் இல்லை. அதனால் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வகுப்புகளில் வெளியாளாக நுழைந்து உட்கார்ந்து பாடம் கேட்டார். கடைசி வரை அவர் பொறியியல் பட்டம் படித்து வாங்கவே இல்லை. அவர் பெயருக்கு முன்னால் வரும் டாக்டர், 1917இல் அதே பல்கலைக்கழகம் தேடி வந்து கொடுத்த கௌரவப் பட்டம்.

சக்கரத்துக்குள்ளே மோட்டார்

வியன்னாவில் அரச குடும்பத்துக்குக் குதிரை வண்டி செய்து கொடுத்த லோனர் நிறுவனம், இனி வரப்போவது மோட்டார் வண்டிதான் என்று கணித்திருந்தது. அன்றைய பெட்ரோல் கார் எப்படி இருந்தது தெரியுமா? கையால் கிராங்க் சுற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டும், புகை, நாற்றம், தடதட சத்தம். பிரபுக்களுக்கு இது சரிப்படாது, சத்தமில்லாத எலெக்ட்ரிக் வண்டிதான் சரி என்று லோனர் நினைத்தது. அது வித்தியாசமான எண்ணமும் இல்லை. 1899இல் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார், பெல்ஜியத்தைச் சேர்ந்த கமில் ஜெனாட்சி ஓட்டிய எலெக்ட்ரிக் கார்தான்.

லோனரில் சேர்ந்த போர்ஷே, மோட்டாரை வண்டிக்கு அடியில் வைத்து செயின் போட்டு சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதிலாக, மோட்டாரையே சக்கரத்தின் நடுவில் வைத்தார். கியர் கிடையாது, செயின் கிடையாது, பெல்ட் கிடையாது. இந்த யோசனை அவருக்கு முன்பே சிலருக்கு வந்திருந்தது. அதை ஒழுங்காக ஓடும் காராக்கி உலகத்தின் முன் நிறுத்தியவர் அவர். முன்சக்கரம் இரண்டிலும் மோட்டார் வைத்த லோனர்-போர்ஷே கார், 1900 ஏப்ரலில் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது அவருக்கு வயது 24.

இது ஏதோ மியூசியம் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் ஐக்யூப் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நடுவில் தடியாக ஒரு வட்டம் தெரியும். அதுதான் ஹப் மோட்டார். 1971இல் நிலவில் ஓடிய அமெரிக்க ரோவரின் நான்கு சக்கரங்களிலும் தனித்தனி மோட்டார்தான்.

மலை ஏறுமா என்ற கேள்விக்கும் போர்ஷே அப்போதே பதில் வைத்திருந்தார். வியன்னாவுக்குத் தெற்கே ஆல்ப்ஸ் மலைச் சாரலில் செம்மரிங் என்ற கணவாய் இருக்கிறது. நம்ம ஊர் காட் ரோடு மாதிரி வளைந்து வளைந்து ஏறும் பாதை. 1900 செப்டம்பரில் அதில் 10 கி.மீ. தூரத்தைத் தன் எலெக்ட்ரிக் காரில் 14 நிமிடம் 52 விநாடிகளில் ஏறினார். சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ.

ஏறியது சரி, எவ்வளவு தூரம்?

இங்கேதான் சிக்கல். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிறோமே, அந்த ஈய-அமில பேட்டரி வகைதான் அன்று இருந்தது. அதைத் தனியாளாகத் தூக்கி நகர்த்திப் பார்த்தவர்களுக்கு எடை தெரியும். லோனர்-போர்ஷே காரில் பேட்டரி மட்டுமே 400 கிலோவுக்கு மேல். ஒரு சார்ஜுக்கு 50 கி.மீ. வரை ஓடும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹார்ட் என்ற பணக்காரர் நான்கு சக்கரத்திலும் மோட்டார் வேண்டும் என்று கேட்டு வாங்கிய ஸ்பெஷல் காரில் பேட்டரியின் எடை 1,800 கிலோ. கார் ஆளைச் சுமக்கிறதா, பேட்டரியைச் சுமக்கிறதா என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

அதிக தூரம் போக பெரிய பேட்டரி வேண்டும். பெரிய பேட்டரி வைத்தால் எடை கூடும். எடை கூடினால் தூரம் குறையும். இந்தச் சுழலில் இருந்து வெளியே வர போர்ஷே செய்த காரியம்தான் அவருடைய வாழ்க்கையிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமானது என்று தாராளமாகச் சொல்லலாம்.

கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனால் என்ன நடக்கும்? ஜெனரேட்டர் ஓடும். எண்ணெயில் ஓடுவது ஜெனரேட்டர்தான், ஆனால் விளக்கும் ஃபேனும் கரண்ட்டில்தான் ஓடும். இதையே காருக்குள் வைத்தார். சின்னதாக இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் ஜெனரேட்டரைச் சுற்றும், அது கரண்ட் தரும், அந்தக் கரண்ட்டில் சக்கர மோட்டார் ஓடும். பேட்டரியை 44 செல்களாகக் குறைத்துவிட்டார். காருக்கு லத்தீனில் வைத்த பெயர் செம்பர் விவஸ், எப்போதும் உயிரோடு இருப்பது என்று பொருள். சார்ஜ் தீர்ந்து நடுரோட்டில் செத்துப்போகாத கார் என்ற அர்த்தத்தில் வைத்தார்கள். இன்று ஹைபிரிட் என்று ஷோரூமில் விற்கும் ஐடியா 1900இலேயே ஓடிவிட்டது.

2022 மே மாதம் தேனிக்கு அகலப்பாதையில் ரயில் வந்தபோது இழுத்து வந்தது டீசல் இன்ஜின். அதற்குள்ளும் இதே சங்கதிதான். டீசல் கரண்ட்டை உண்டாக்கும், சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார்.

அடுத்து வந்த மிக்ஸ்டே என்ற மாடலில் இந்த ஏற்பாடு இன்னும் மேம்பட்டது. 1902இல் ராணுவப் பயிற்சியில் இருந்த போர்ஷே, இந்தக் காரில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டுக்கு டிரைவராகப் போனார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து யாருடைய கொலையால் முதல் உலகப் போர் மூண்டதோ, அதே இளவரசர்தான்.

ஆனால் லோனர் கார்கள் விலையில் எட்டாத உயரத்தில் இருந்தன. மோட்டாரின் கனத்தில் டயர்கள் சீக்கிரம் தேய்ந்தன. லோனருக்கும் இவர் செலவழித்த சோதனைப் பணம் கையைக் கடித்தது. 1906இல் போர்ஷே ஆஸ்ட்ரோ-டைம்லர் நிறுவனத்தின் தொழில்நுட்ப இயக்குநராக மாறிப்போனார். அதற்குள் பெட்ரோல் இன்ஜின்கள் நம்பிக்கைக்கு உரியவையாக ஆகிவிட்டன. 1912இல் அமெரிக்காவின் காடிலாக் பட்டன் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்ததும் கிராங்க் சுற்றும் தொல்லையும் போனது. எலெக்ட்ரிக் கார் மெல்ல மெல்ல சாலையை விட்டு மறைந்தது.

அவர் மட்டும் விடவில்லை

கார் பெட்ரோலுக்கு மாறினாலும் போர்ஷேயின் மனசு அந்த ஜெனரேட்டர்-மோட்டார் ஏற்பாட்டிலேயே இருந்தது. முதல் உலகப் போரில் ராட்சத பீரங்கிகளை இழுக்க சாலையில் ஓடும் ரயில் ஒன்றை உருவாக்கினார். முன்னால் உள்ள வண்டி கரண்ட் தயாரிக்கும். கேபிள் வழியாக அது பின்னால் வரும் டிரெய்லர்களின் ஒவ்வொரு சக்கர மோட்டாருக்கும் போகும். பெட்டி தானே ஓடுவதால் இழுக்கும் வண்டிக்குப் பாரம் இல்லை.

1923இல் ஸ்டுட்கார்ட் டைம்லர், மெர்சிடிஸ் ரேஸ் கார்கள், நிர்வாகத்தோடு சண்டை, ஸ்டெயர் நிறுவனம், அங்கிருந்தும் வெளியேற்றம். வேலை மாறுவது அவருக்குப் பழகிப்போன ஒன்று. கோபக்காரர், செலவாளி என்று முதலாளிகள் மத்தியில் பெயர் எடுத்திருந்தார். 1931 ஏப்ரலில், உலகமே பொருளாதார மந்தத்தில் இருந்தபோது, 55 வயதில் ஸ்டுட்கார்ட்டில் சொந்தமாக டிசைன் அலுவலகம் திறந்தார்.

ஹிட்லரின் கார்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் கார் என்பது அவருடைய பிரசாரத் திட்டங்களில் ஒன்று. நான்கு பேர் உட்கார வேண்டும், 100 கி.மீ. வேகம் போக வேண்டும், விலை 1,000 மார்க்குக்குள் இருக்க வேண்டும். நடக்காத காரியம் என்று மற்ற கம்பெனிகள் முணுமுணுத்தன. 1934 ஜூனில் பொறுப்பு போர்ஷேயிடம் வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் பின்னாளில் பீட்டில் என்று உலகம் முழுக்க ஓடிய வண்டுக் கார். அந்த டிசைன் முழுக்க அவர் மூளையில் உதித்தது என்று சொல்ல முடியாது. செக் நாட்டின் டாட்ரா நிறுவனம் தன் காப்புரிமை மீறப்பட்டதாகத் தொடுத்த வழக்கில், போருக்குப் பல ஆண்டுகள் கழித்து ஃபோக்ஸ்வேகன் நஷ்டஈடு கொடுத்தது.

இதே காலத்தில் நம்ம ஊரில் ஒருவர் இருந்தார். முப்பதுகளில் ஜெர்மனிக்குப் போய் வந்த கோவை ஜி.டி.நாயுடு. இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது 1937இல் கோவை பீளமேட்டில் பாலசுந்தரம் நாயுடுவும் இவரும் சேர்ந்து கொண்டுவந்தது. 1952இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் போகும் காரையும் செய்து காட்டினார் ஜி.டி.நாயுடு. அரசு லைசென்ஸ் தரவில்லை, கார் அதோடு நின்றது. போர்ஷேவுக்கு நேர் எதிர் அனுபவம். அவர் கேட்டதை எல்லாம் அரசே கொட்டிக் கொடுத்தது.

அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி.

போர்ஷே 1937இல் நாஜி கட்சியில் சேர்ந்தார். பின்னர் எஸ்.எஸ். படையின் பதவியும் வந்தது. அரசியலில் ஆர்வமில்லாத, இயந்திரம் மட்டுமே தெரிந்த மனிதர் என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்த ஃபோக்ஸ்வேகன் ஆலையில் போர்க்காலத்தில் சுமார் 20,000 பேர் கட்டாய உழைப்பில் வதைபட்டார்கள். போர்க் கைதிகள், போலந்து, சோவியத் நாடுகளில் இருந்து பிடித்து வரப்பட்டவர்கள், வதைமுகாம் கைதிகள். அங்கே வேலை செய்த பெண்களுக்குப் பிறந்த கைக்குழந்தைகளைப் பிரித்து ரூஹன் என்ற இடத்தில் ஒரு இல்லத்தில் போட்டார்கள். கவனிப்பில்லாமல் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தன. ஆலையின் மருத்துவருக்குப் போருக்குப் பின் மரண தண்டனை கிடைத்தது.

கார் வாங்க ஆசைப்பட்ட ஜெர்மானியர்களுக்கும் நாமம்தான். நம்ம ஊர் சிறுசேமிப்புச் சீட்டு மாதிரி, வாரம் 5 மார்க் ஸ்டாம்ப் வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும். 3 லட்சத்துக்கும் அதிகமானோர் கட்டினார்கள். போர் முடியும் வரை ஒருவருக்குக்கூட கார் வரவில்லை, ஆலை ராணுவ வண்டி செய்யப் போய்விட்டது. வழக்கு நடத்தி 1961இல் கிடைத்தது புதிய காரில் அதிகபட்சம் 600 மார்க் தள்ளுபடி.

பழைய காதலும் இந்தக் காலத்தில் திரும்பி வந்தது. ஹிட்லருக்காக போர்ஷே வடிவமைத்த டாங்கியில் பெட்ரோல் இன்ஜின் கரண்ட் தயாரிக்க, மின்மோட்டார் சங்கிலிச் சக்கரத்தை ஓட்டியது. அதே செம்பர் விவஸ் சூத்திரம், 40 வருஷம் கழித்து, பல டன் இரும்போடு. மோட்டாருக்குப் போர்க்காலத்தில் கிடைக்காத செம்பு ஏகமாகத் தேவைப்பட்டது, வண்டியும் அடிக்கடி மக்கர் செய்தது. 1942 போட்டியில் ஹென்ஷல் நிறுவனத்தின் டாங்கி ஜெயித்தது. ஆர்டர் தனக்குத்தான் என்ற நம்பிக்கையில் ஏற்கெனவே செய்துவைத்த சுமார் 90 அடிச்சட்டங்களை வீணாக்காமல் டாங்கி எதிர்ப்பு பீரங்கி வண்டிகளாக மாற்றினார்கள். அவற்றுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்: ஃபெர்டினாண்ட். 1943 ஜூலையில் ரஷ்யாவின் குர்ஸ்க் போர்க்களத்துக்கு அவை போயின.

சிறை, விடுதலை, மரணம்

1945 டிசம்பரில் பிரெஞ்சு அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். 70 வயதில் டிஜோன் நகரச் சிறை. ஜாமீன் கட்டி 1947 ஆகஸ்டில் வெளியே வந்தபோது உடம்பு உடைந்திருந்தது. பின்னர் பிரெஞ்சு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அவர் உள்ளே இருந்த நேரத்தில் மகன் ஃபெர்ரி ஆஸ்திரியாவில் ஒரு பழைய மர ஆலையில் உட்கார்ந்து போர்ஷே 356 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு வேலை தொடங்கியிருந்தார். 1948இல் வந்த அந்தக் கார்தான் இன்றைய போர்ஷே நிறுவனத்தின் பெயர் தாங்கிய முதல் கார். பெட்ரோல் கார்.

1950 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் ஆலையைப் பார்க்கப் போனார். வழியெங்கும் பீட்டில்கள் ஓடுவதைப் பார்த்தார். அதே மாதம் பக்கவாதம் தாக்கியது. 1951 ஜனவரி 30ஆம் தேதி ஸ்டுட்கார்ட்டில் இறந்தார். பீட்டில் 2003 வரை தயாரிக்கப்பட்டது, மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல்.

இன்றைய ஜெர்மனியில் என்ன நடக்கிறது?

ஜெர்மனியில் கார் என்பது வெறும் வண்டி இல்லை. பெரும்பாலான ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் வேக வரம்பே கிடையாது, இன்ஜின் சத்தம் ஒரு கௌரவம், டீசல் ஒரு பொருளாதாரம். சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயத்துக்கு அவர்கள் மொழியில் தனிச் சொல்லே இருக்கிறது: ரைக்வைட்டன்-ஆங்ஸ்ட். பெரியகுளத்துக்காரரின் அடுக்கம் பயம்தான், ஜெர்மன் பெயரில்.

2015இல் ஃபோக்ஸ்வேகனின் டீசல் புகை மோசடி வெளிவந்த பிறகு கம்பெனிகள் பேட்டரி பக்கம் வேகமாகத் திரும்பின. அரசும் மானியம் கொடுத்தது. 2023இல் ஜெர்மனியில் பதிவான புதிய கார்களில் 18.4 சதவீதம் பேட்டரி கார்கள். அந்த டிசம்பரில் மானியம் திடீரென்று நிறுத்தப்பட்டது. 2024இல் அந்த அளவு 13.5 சதவீதமாக இறங்கியது. மக்களுக்குப் பிடித்திருந்ததா, மானியம் பிடித்திருந்ததா என்று கேட்க வைக்கும் கணக்கு.

டிசைனிலும் இந்தத் தயக்கம் தெரியும். பேட்டரி காருக்கு முன்னால் பெரிய கிரில் தேவையே இல்லை. ஆனாலும் பிஎம்டபிள்யூவின் ஐஎக்ஸ் காரில் அந்த இரட்டைக் கிரில் வடிவம் இருக்கிறது, மூடியபடி, உள்ளே சென்சார்களோடு. அதே கம்பெனி 2013இல் துணிந்து வித்தியாசமாகச் செய்த ஐ3 என்ற குட்டி எலெக்ட்ரிக் கார் 2022இல் நிறுத்தப்பட்டது. இரு சக்கர வண்டியில் மட்டும் பிஎம்டபிள்யூ இன்னும் துணிச்சலாக இருக்கிறது. சிஇ 02 என்ற அதன் எலெக்ட்ரிக் வண்டி பார்க்க பைக்கும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. தயாராவது நம்ம ஓசூரில், டிவிஎஸ் ஆலையில்.

போர்ஷே நிறுவனம் 2011இல் செம்பர் விவஸ் காரை அச்சு அசலாக மறுபடி செய்து ஓட்டிக் காட்டியது. 2019இல் தன் முதல் முழு எலெக்ட்ரிக் மாடலான டேகானை வெளியிட்டது. சத்தம் இல்லையே என்று ஏங்குபவர்களுக்காக அதில் ஸ்பீக்கர் வழியாக ஒரு செயற்கை உறுமல் வசதியும் உண்டு. 2030க்குள் விற்பதில் 80 சதவீதம் எலெக்ட்ரிக் என்று இலக்கு வைத்திருந்த நிறுவனம், பிறகு அதிலிருந்து பின்வாங்கியது. எலெக்ட்ரிக்காக வரவிருந்த பெரிய எஸ்யூவி ஒன்று முதலில் பெட்ரோல் மற்றும் ஹைபிரிட் வடிவில்தான் வரும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது.